ஊக்கம் போதும், கடதாசிகளைத் தாங்கோ

தோழர்களே,

பலெர்மோ, போர்கோ வெக்கியோ. இரவு பதினொரு மணி. குசினி மேசையில் சித்தப்பாவின் மகள் இருக்கிறாள். பதினெட்டு வயதாக இன்னும் மூன்று மாதம். முன்னால் லப்டொப். ஒரு பக்கம் அம்மாவின் போன், மற்றப் பக்கம் அப்பாவின் போன். இரண்டுக்கும் மாறி மாறி இரகசிய இலக்கம் வந்து விழுகுது. அவள்தான் பார்த்துப் பார்த்து அடிக்கிறாள்.

பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறாள் என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். அவள் செய்து கொண்டிருந்தது வேற வேலை. சித்தி மூன்று வீடுகளில் துப்புரவு வேலை செய்தவ. இரண்டு வருசத்துக்கு முதல் அம்மாவுக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தீர்கள் என்று ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தரச்சொல்லி, மூன்று வீட்டுச் சிஞ்ஞோராக்களுக்கும் தனித்தனியாகச் செய்தி எழுதிக் கொண்டிருந்தாள். ஒருத்தி பதிலே போடவில்லை. இன்னொருத்தி, ஏன், யூனியனுக்குப் போகப் போறீங்களோ என்று திருப்பிக் கேட்டிருந்தா. மூன்றாமவ போன வருசம் செத்துப்போனா. அவவின் பிள்ளைகள் மிலானில்.

அடுத்த நாள் சித்தப்பா எனக்குப் போன் அடித்தார். "பிள்ளைக்கு ஒரு உசாரும் இல்லை. வடிவாச் சாப்பிடுறாளும் இல்லை. நீ கம்பஸ் முடிச்சனீ, ஒருக்கா வந்து கதை பிள்ளை. ஊக்கம் குடு."

போனேன், கதைத்தேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, நான் படிச்சுக் களைக்கேல்லை. படிக்கத் தொடங்கவே விடுறாங்கள் இல்லை."

இந்த மடலை அந்த ஒரு வரிக்காக எழுதுகிறேன். விண்ணப்பக் களைப்பு என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிற சாமானைப் பிள்ளையின் மனநிலையில் தேடுவதை நிறுத்துவோம். அது கூலியில்லாத வேலை. அரசு தன் அலுவலகங்களில் செய்ய வேண்டிய எழுத்து வேலையை, வீட்டில் நல்லா இத்தாலியன் எழுதத் தெரிந்த ஒரே ஆளின் தலையில் கட்டியிருக்கிறது. அந்த ஆளுக்கு வயது பதினேழு. வேலை செய்து களைத்த ஆளுக்கு ஊக்கம் கொடுப்பது முதலாளிமாரின் பழக்கம். தோழர்கள் செய்ய வேண்டியது வேலையைப் பங்கு போடுவது.

ஒரே வருசத்தில் ஐந்து வேலை

பலெர்மோவைத் தெரியாத தோழர்களுக்கு: போர்கோ வெக்கியோவுக்கு ஒரு பக்கம் துறைமுகம், மற்றப் பக்கம் பொலித்தேயாமா அரங்கும் லிபெர்த்தா வீதியின் விலைகூடிய கடைகளும், பக்கத்தில் உச்சார்தோனே சிறைச்சாலை. இடையில் சந்தையும் நெருக்கமான பழைய வீடுகளும். எண்பதுகளில் இருந்து இந்த நகரத்துக்கு வந்த எங்கட ஆட்கள் வீட்டு வேலையிலும் முதியோரைப் பார்க்கிற வேலையிலும்தான் கால் ஊன்றினார்கள். போர்கோவில் இருந்து லிபெர்த்தா வீதி வீடுகளுக்கு அம்மாமார் நடந்தே வேலைக்குப் போகலாம். அந்த வீட்டுப் பிள்ளைகள் இருக்கிற பல்கலைக்கழக வாங்கில் எங்கட பிள்ளை போய் இருப்பதற்கு எவ்வளவு தூரம் என்று பார்ப்போம்.

முதல் வேலை மத்துரித்தா, உயர்பள்ளியின் கடைசிப் பரீட்சை. ஜூனில் தொடங்கும்.

இரண்டாவது, நுழைவு. 1999ஆம் ஆண்டின் 264ஆம் இலக்கச் சட்டம் பல துறைகளுக்கு இடங்களை எண்ணி மட்டுப்படுத்தியது. அதனால் துறைக்கொரு பரீட்சை, பரீட்சைக்கொரு பதிவு, பதிவுக்கொரு கட்டணம். மருத்துவத்துக்கு 2025இல் நுழைவுப் பரீட்சையை எடுத்துவிட்டோம் என்று அரசு பெருமை பேசியது. நடந்தது என்ன? எல்லாரும் முதல் அரையாண்டுக்குப் பதியலாம். பிறகு வேதியியல், இயற்பியல், உயிரியல் மூன்றிலும் பரீட்சை எழுதி, நாடு முழுக்க ஒரே தரவரிசையில் நிற்க வேண்டும். படலையைக் கழற்றிக் கொண்டுபோய் முற்றத்தின் நடுவில் நட்டிருக்கிறார்கள். இப்ப பிள்ளைகள் முற்றம் வரைக்கும் வந்து திரும்பிப் போகிறார்கள்.

மூன்றாவது, ஈசே. குடும்பத்தின் வருமானம், சொத்து, வங்கியிருப்பு எல்லாவற்றையும் சேர்த்து வருகிற ஒரு இலக்கம். அது 22,000 யூரோவுக்கு உள்ளே இருந்தால் அரச பல்கலைக்கழகத்துக்குக் கல்விக் கட்டணம் இல்லை. நல்ல சட்டம்தான், மாணவர்கள் போராடி வாங்கின சட்டம். ஆனால் கணக்குக் காட்டுவது ஆருக்குச் சுகம்? கந்தோரில் வேலை செய்கிறவருக்கு நிறுவனமே வரியைக் கழித்து, வருமானப் பத்திரத்தைக் கையில் கொடுக்கும். வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கிறவருக்குச் சட்டத்தில் வரி கழிக்கிற பொறுப்பு இல்லை. அதனால்தான் மூன்று வீடென்றால் மூன்று துண்டு, மூன்று கையெழுத்து, மூன்று கெஞ்சல். அது மட்டுமா? பதிந்த மணித்தியாலம் ஒன்று, வேலை செய்த மணித்தியாலம் இன்னொன்று. எதை எழுதுவது என்று அம்மா மகளைக் கேட்கிறா.

நான்காவது, புலமைப்பரிசில். அதற்கு வேற நிறுவனம், வேற தளம், வேற கடைசித் திகதி. பெரும்பாலும் வகுப்புத் தொடங்க முதலே முடிந்துவிடும். கிடைத்தாலும் முதலாண்டில் குறைந்தது 20 கிரெடிட் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் தந்த காசைத் திருப்பிக் கேட்பார்கள்.

ஐந்தாவது, இருப்பு. இங்கே பிறந்து பதினெட்டு வரைக்கும் தொடர்ந்து பதிவோடு வாழ்ந்த பிள்ளை, 1992ஆம் ஆண்டின் 91ஆம் இலக்கச் சட்டப்படி, பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் இடையில் உள்ள அந்த ஒரு வருசத்துக்குள் நாட்டுரிமை கோர வேண்டும். இங்கே பிறக்காமல் ஆறு வயதில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த தம்பிக்கு அதுவும் இல்லை. அவன் தன் பெயரில் அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு பத்து வருட வதிவு, மூன்று வருட வருமானம் என்று காட்டி விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். அந்தப் பத்தை ஐந்தாக்கக் கேட்ட வாக்கெடுப்பு 2025 ஜூன் 8, 9இல் நடந்தது. வாக்களித்தவர்களில் பெரும்பான்மை ஆம் என்றார்கள். ஆனால் வாக்களிக்க வந்ததே 30 சதவீதம் அளவில்தான். பாதிப் பேராவது வராததால் அது செல்லாமல் போனது.

ஐந்தும் ஒரே பன்னிரண்டு மாதத்துக்குள். இதற்கு மேலே அப்பாவின் வாடகை ஒப்பந்தம், அம்மாவின் வைத்தியசாலைத் திகதி, தம்பியின் பள்ளிக்கூடப் பதிவு. இதைச் செய்கிற பெரிய ஆளுக்குக் கந்தோரில் சம்பளம் கொடுப்பார்கள். எங்கட பிள்ளைக்கு "உசார் இல்லை" என்று பெயர்.

தகுதி என்கிற சொல்

2022 ஒக்ரோபரில் வந்த வலதுசாரி அரசு கல்வி அமைச்சின் பெயரோடு "தகுதி" என்ற சொல்லையும் ஒட்டிவிட்டது. இத்தாலி அரசியல் யாப்பின் 34ஆம் உறுப்புரையிலும் தகுதி வருகிறது. ஆனால் அங்கே அதன் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது: வசதியில்லாவிட்டாலும் உயர்ந்த படிப்பு வரைக்கும் போக உரிமை உண்டு, அதை நடைமுறையாக்குவது அரசின் கடமை. அமைச்சு முதற் சொல்லைப் பலகையில் எழுதியது. கடமையை எழுதவில்லை.

அந்தக் கடமைக்கு என்ன நடந்தது என்பதற்கு இத்தாலிய நிர்வாக மொழியிலேயே ஒரு வகை இருக்கிறது: தகுதியானவர், ஆனால் பெறாதவர். எல்லா நிபந்தனையும் சரி, பட்டியலில் பெயரும் இருக்கிறது, நிதி முடிந்துவிட்டது. வறுமையை நிரூபிக்கிற பரீட்சையிலும் சித்தியடைந்து, பரிசில்லாமல் வீட்டுக்கு வந்த பிள்ளைகளுக்கு அரசு வைத்த பெயர் அது.

தகுதி பார்க்கிறது பதினெட்டில் தொடங்குவதுமில்லை. பதின்மூன்றிலேயே ஆசிரியர்கள் வழிகாட்டுக் குறிப்பு எழுதிவிடுவார்கள்: இவள் லிச்சேயோவுக்கு, இவன் தொழிற்பள்ளிக்கு. எனக்கு எழுதின குறிப்பில், கையால் செய்கிற வேலையில் கெட்டிக்காரி என்று இருந்தது. அம்மா வீடு துடைக்கிறவ என்று ஆசிரியைக்குத் தெரியும். என் கையை அவ எங்கே கண்டா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. மிக்கேலா கார்லானா, எலியானா லா ஃபெராரா, பாவ்லோ பினோத்தி மூவரும் வட இத்தாலிய நகரங்களில் செய்து 2022இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்கில் காட்டுகிறது. ஒரே அளவு திறமையுள்ள பிள்ளைகளிலும் குடியேறியவர்களின் பிள்ளைகள் தொழிற்பள்ளிப் பக்கம் அதிகம் போகிறார்கள். வழிகாட்டலும் துணையும் கொடுத்தபோது ஆண்பிள்ளைகளிடம் அந்த இடைவெளி சுருங்கியது. பக்கத்தில் ஆள் இருந்தால் முடிவு மாறும் என்பதற்கு இதைவிட என்ன வேணும்?

2025 கோடையில் வட இத்தாலியில் சில மாணவர்கள் மத்துரித்தாவின் வாய்மொழிப் பரீட்சையில் வாய் திறக்க மறுத்தார்கள். சித்தியடையப் போதுமான புள்ளி ஏற்கெனவே கையில் இருந்தது; எங்களைப் புள்ளியாக மட்டும் பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்கள். அமைச்சர் சட்டத்தை மாற்றினார்: இனி வேண்டுமென்று பேசாமல் இருந்தால் சித்தி கிடையாது. அந்தப் பிள்ளைகளுக்கு என் மரியாதை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ. மௌனமாக இருப்பதற்கும் ஒரு கையிருப்பு வேணும். அனுமதிப் பத்திரம் புதுப்பிக்கக் கிடக்கிற பிள்ளைக்கு மறுக்கிற வசதி இல்லை. அவளின் மறுப்பு வேற மாதிரி வரும்: போனை எடுக்கமாட்டாள், படிவத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்ப்பாள். அதைத்தான் நாங்கள் சோம்பல் என்கிறோம்.

இது பலெர்மோவின் கதை மட்டுமில்லை. பாரிஸ் தோழர்களுக்கு 2018இல் வந்த பார்கூர்சூப் தெரியும். லண்டன் தோழர்களுக்கு யூகாஸ் தெரியும். அங்கே இன்னொரு சுமையும் உண்டு: உன்னைப் பற்றி எழுது என்பார்கள். எங்கட பிள்ளை இருந்து தாத்தாவின் ஊரையும் முள்ளிவாய்க்காலையும் சொல்லெண்ணிக் கட்டத்துக்குள் அடைத்து, அதில் தான் என்ன கற்றுக் கொண்டேன் என்று முடிக்க வேண்டும். ஒரு இனத்தின் சாவைத் தன் திறமைச் சான்றிதழாக மாற்றச் சொல்கிறார்கள். அது களைக்காமல் வேற என்ன செய்யும்?

எங்கட பக்கத்துப் பிழை

இனி வீட்டுக்குள் வருவோம். "நாங்கள் சிஞ்ஞோராவின்ர கக்கூஸ் கழுவி உன்னைப் படிப்பிக்கிறம், உனக்கு இருந்து படிக்கக் களைக்குதோ?" இதைக் கேட்காமல் வளர்ந்த ஆள் எங்களில் ஆர்?

அம்மா அப்பாமாரைத் திட்ட எனக்கு மனமில்லை. அவர்களின் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1971இல் இலங்கை அரசு தரப்படுத்தலைக் கொண்டு வந்தது. மருத்துவ பீடத்துக்குப் போகச் சிங்கள மொழி மாணவருக்கு 400க்கு 229 போதும். தமிழ் மொழி மாணவருக்கு 250 வேணும். ஒரு தலைமுறையின் கதவு இருபத்தொரு புள்ளியால் மூடினது. அந்தக் கோபத்தில்தான் எங்கட மாணவர் இயக்கங்கள் தெருவுக்கு வந்தன. ஆனால் குசினிகளுக்குள் இறங்கின பாடம் வேற: அவன் 250 கேட்டால் நீ 300 எடு. அந்தப் பாடத்தைத்தான் கடல் கடந்தும் காவி வந்திருக்கிறோம். புள்ளிக்குப் பின்னால் எப்போதும் ஒரு அரசு இருக்கும் என்பதை உலகத்தில் எங்களைவிட ஆருக்குத் தெரியும்? தெரிந்த நாங்களே பிள்ளையின் புள்ளியைப் பிள்ளையின் பெறுமதியாக எடுக்கிறோம்.

தமிழ்நாட்டுத் தோழர்களுக்கும் இது புதுசில்லை. தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வைச் சட்டம் போட்டு ஒழித்த மாநிலத்தின் மேல் நீட் வந்து இறங்கியது. பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 எடுத்த அரியலூர் அனிதாவை 2017 செப்டம்பர் 1இல் இழந்தோம். அப்போது எவரும் அனிதாவுக்கு ஊக்கம் போதவில்லை என்று சொல்லவில்லை. தேர்வைத்தான் குற்றம் சொன்னோம். அந்த நியாயத்தை எங்கட வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்கச் சொல்லித்தான் கேட்கிறேன்.

அடுத்தது நாங்கள், இந்த மடலை வாசிக்கிறவர்கள். பாடத்திட்டத்தில் காலனிய நீக்கம் பற்றிச் சூம் கூட்டங்கள் வைக்கிறோம். மனநலம் பற்றி அழகான பதாகைகள் போடுகிறோம்: ஓய்வும் ஒரு எதிர்ப்புத்தான், மூச்சை ஆழமாக விடுங்கோ. கோவிக்காதீங்கோ தோழர்களே, எங்களில் எத்தனை பேருக்கு ஈசேப் படிவம் நிரப்பத் தெரியும்? எத்தனை பேர் ஒரு தங்கச்சியோட குவெஸ்தூரா வரிசையில் விடிய ஐந்து மணிக்குப் போய் நின்றிருக்கிறோம்? ஓய்வெடு என்று சொல்லிவிட்டு வேலையை அவளின் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தால், அவள் இரவு இரண்டு மணிக்கு எழும்பி அதைச் செய்வாள்.

மேசை போடுங்கோ

இந்த நாட்டிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. தொஸ்கானா மலையில் பார்பியானா என்ற சின்ன இடம். பள்ளிக்கூடம் கழித்துவிட்ட உழவர் பிள்ளைகளைச் சேர்த்து தொன் மிலானி என்ற பாதிரியார் நடத்தின பள்ளி. அங்கே பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குப் படிப்பிக்கும். கடைசிப் பிள்ளைக்கு விளங்கும் வரைக்கும் எல்லாரும் காத்திருப்பார்கள். அந்தப் பிள்ளைகள் கூட்டாக எழுதி 1967இல் வெளிவந்த "ஓர் ஆசிரியைக்குக் கடிதம்" இத்தாலியப் பள்ளியின் வர்க்கக் குணத்தை அம்பலப்படுத்தியது. எங்களுக்கு வேண்டியதும் அதுதான்: முன்னால் போனவர் திரும்பி வந்து நிற்பது.

கிழமையில் ஒரு பின்னேரம், ஒரு மேசை, இரண்டு பேர், ஒரு பிரிண்டர். தமிழ்ப் பள்ளியில் போடலாம், கோயில் மண்டபத்தில் போடலாம், ஆரும் ஒருவரின் குசினியிலும் போடலாம். செய்ய வேண்டியவை:

தேர்வைப் பிள்ளையிடம் விடுங்கோ, படிவத்தை நீங்கள் எடுங்கோ. என்ன படிக்கிறது, எங்கே படிக்கிறது என்பது அவளின் முடிவு. சிஞ்ஞோராவுக்கு எழுதுவது, திகதி பார்ப்பது, வரிசையில் நிற்பது எங்கட வேலை. பெரிய ஆள் ஒருவர் கேட்டால் சிஞ்ஞோராக்கள் பதில் போடுகிற வேகமும் வேற.

ஈசேயைத் தை மாதத்திலேயே செய்யுங்கோ. ஒவ்வொரு வருசமும் டிசம்பர் 31உடன் அது காலாவதி. காஃப் நிலையத்துக்குப் பிள்ளையை அனுப்பாமல் அம்மாவோட நீங்கள் போங்கோ. புலமைப்பரிசில் திகதி, பரீட்சைத் திகதி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டுங்கோ.

பதினெட்டு வயதுப் பட்டியல் ஒன்று வைத்திருங்கோ. இங்கே பிறந்த பிள்ளைக்குப் பதினெட்டாவதற்கு முந்தின ஆறு மாதத்துக்குள் கொமூனே அறிவித்தல் அனுப்ப வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அனுப்பாமல் விட்டால் பத்தொன்பதுக்குப் பிறகும் கேட்கிற உரிமை உண்டு. இது தெரியாமல் நாள் தவறிவிட்டது என்று விட்டுவிடாதீங்கோ.

மேசையில் இருக்கிற நேரத்தில் "என்ன முடிவு எடுத்தனீ?", "எத்தினை புள்ளி?" என்று கேட்பதில்லை. லண்டனில் இருக்கிற மாமியின் மகளைப் பற்றிக் கதைப்பதில்லை. ஒரு வருசம் பிந்திப் போகிறேன் என்றாலும், வேற படிப்பு என்றாலும், அது தோல்விச் செய்தியாக ஊரெல்லாம் போகாமல் பார்த்துக் கொள்வதும் தோழமைதான்.

கடைசியாக, களைப்பையும் ஆபத்தையும் பிரித்தறியுங்கோ. பிள்ளை வாழ விருப்பமில்லை என்று கதைத்தால் கடதாசி மேசை போதாது. தனியாக விடாதீங்கோ. இத்தாலியில் பிள்ளைகள் 19696க்கு அடித்துக் கதைக்கலாம், அவசரமென்றால் 112. ஊருக்கு ஊர் அரச குடும்ப ஆலோசனை நிலையங்கள் இருக்கின்றன, காசில்லை. "ஆக்கள் என்ன சொல்லுவினம்" என்று பயந்து பொத்தி வைக்கிற வீட்டைக் கண்டால், அந்த வீட்டுக்கு அன்றைக்கே போங்கோ.

சிலர் கேட்பீர்கள்: இதெல்லாம் தொண்டு வேலை, அரசியல் எங்கே? மேசையைப் போட்டால் அரசியல் தானாக வந்து இருக்கும். ஒரு மேசையில் பத்து அம்மாமாரின் சம்பளத் துண்டுகள் ஒன்றாகக் கிடந்தால், பதியாத மணித்தியாலங்கள் ஆரும் சொல்லாமலே தெரியும். அது யூனியனுக்குப் போகிற வழி. அந்தச் சிஞ்ஞோரா பயந்தது சரிதான். பட்டியலில் பெயர் வந்தும் காசு வராத பத்துப் பிள்ளைகள் ஒன்றாக இருந்தால், அது விசாலமான வியாலே தெல்லே ஷென்ஸே வளாகத்தில் ஒரு ஆர்ப்பாட்டம். எங்கட கோரிக்கைகளும் அந்த மேசையில் இருந்துதான் வருகின்றன: தகுதியான ஒவ்வொரு பிள்ளைக்கும் புலமைப்பரிசில், அரசிடம் ஏற்கெனவே இருக்கிற தகவலைப் பிள்ளையிடம் திரும்பக் கேட்காத ஈசே, வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கிறவரே கணக்குக் காட்டுகிற பொறுப்பு, இங்கே வளர்ந்த பிள்ளைக்கு இங்கே நாட்டுரிமை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெக்ரினோ மலைக்கு ஏறுகிற எங்கட ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். சைவமும் வேதமும் ஒன்றாக, சாந்தா ரொசாலியாவின் குகைக்கு, வெறுங்காலோட. பாதி வழியில் ஒரு பிள்ளை களைத்தால் அங்கே ஆரும் பேச்சுக் கொடுத்து ஏற்றுவதில்லை. ஒருவர் பையை வாங்குவார், ஒருவர் தண்ணீர் கொடுப்பார், மற்ற ஆட்கள் நிழலில் நின்று காத்திருப்பார்கள். செய்யத் தெரிந்த சனம்தான் நாங்கள்.

சித்தப்பாவின் மகளுக்கு இரண்டு துண்டு கிடைத்துவிட்டது. செத்துப்போன சிஞ்ஞோராவின் மகனுக்கு மிலானுக்கு நான் எழுதியிருக்கிறேன். அவள் நேற்றுப் பத்து மணிக்கே படுத்துவிட்டாள் என்று சித்தி சொன்னா.

போர்கோவில் மேசை வியாழக்கிழமைப் பின்னேரம், ஆறு மணிக்கு. பிரிண்டர் இருக்கிறது, ஆள் காணாது. உங்கட நகரத்தில் எந்த நாள் என்று பதில் போடுங்கோ.

தோழமையுடன்,
போர்கோ வெக்கியோவில் இருந்து ஒரு அக்கா